விலையும் உரிமையும்: அலுவலக மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை

காரைக்குடியிலிருந்து மானாமதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்து, ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாகவும் விளங்கும் கல்லல் போன்ற ஓர் ஊரில், பட்டா மாறுதலுக்கான மனுவாயினும், மகளிர் சுயஉதவிக் குழுவின் வரவு செலவாயினும், பள்ளியின் மதிப்பெண் பட்டியலாயினும், கோயில் திருவிழாவின் நன்கொடைக் கணக்காயினும், கணினியின் வழியாக வாராத காகிதம் இன்று அரிதாகிவிட்டது. அக்காகிதங்களை உண்டாக்குவதற்கு எழுதும் மென்பொருள் ஒன்று, அட்டவணை போட்டுக் கணக்கிடும் மென்பொருள் ஒன்று, படக்காட்சி அமைக்கும் மென்பொருள் ஒன்று என மூன்றும் சேர்ந்த ஒரு தொகுதி அவசியமாகிறது. இதனையே அலுவலக மென்பொருள் என்கிறோம். புதிதாகக் கணினி வாங்குகிறவர் ஒவ்வொருவரும், பள்ளியாயினும் சங்கமாயினும் கடையாயினும், இத்தொகுதியைப் பணம் கொடுத்து வாங்குவதா, இலவசமாகக் கிடைப்பதைக் கொண்டு காரியத்தை நடத்துவதா என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவராகின்றனர்.

பெரும்பாலோர் இதனை விலையைப் பற்றிய கேள்வியாகவே கருதுகின்றனர். விலை முக்கியமான விஷயந்தான். ஆனால் அது இரண்டாவதாக எழ வேண்டிய கேள்வி. நாம் எழுதி வைத்ததை நாளை வேறொரு கணினியில், வேறொரு மென்பொருளைக் கொண்டு, எவருடைய அனுமதியையும் எதிர்பாராமல் திறந்து படிக்க முடியுமா என்பதே முதற்கேள்வி. அதற்குத் தெளிவான விடை கிடைத்துவிட்டால், பணம் கொடுப்பதா வேண்டாவா என்பது அவரவர் தேவையையும் வசதியையும் பொறுத்த எளிய தீர்மானமாகிவிடும். இக்கருத்தை நிறுவுவதற்கு மென்பொருள்களின் வரலாற்றையும், ஒரு கோப்பின் உள்ளே இருப்பது யாது என்பதையும் சிறிது நிதானமாகப் பார்த்தல் வேண்டும்.

இன்று நம் முன்னே இருப்பவை மூவகை. முதலாவது, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் வேர்ட், எக்செல், பவர்பாயின்ட் ஆகியவை அடங்கிய கட்டணத் தொகுதி. இதனை ஆண்டுச் சந்தாவாகவும் வாங்கலாம், ஒரே முறை விலை கொடுத்தும் வாங்கலாம். இரண்டாவது, லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருள். இதனைப் பணமின்றிப் பெறலாம் என்பது மட்டுமன்று. எத்தனை கணினிகளிலும் நிறுவலாம், பிறர்க்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், அதன் மூலநிரலைப் படித்துத் திருத்தவும் செய்யலாம். மூன்றாவது, கூகுள் டாக்ஸ், சோஹோ ரைட்டர், இணையத்தில் இயங்கும் வேர்ட் முதலியவை. இவை தனிமனிதருக்கு இலவசமாகக் கிடைப்பினும், மென்பொருளும் அது இயங்கும் கணினியும் நிறுவனத்துக்கே உரியவை. நம் கோப்பும் அங்கேதான் தங்குகிறது. இரண்டாவதையும் மூன்றாவதையும் இலவசம் என்ற ஒரே பெயரால் சேர்த்து எண்ணுவதனாலேயே பல குழப்பங்கள் உண்டாகின்றன.

லிப்ரே ஆபீஸின் சரித்திரம் அறியத்தக்கது. 1985-இல் மார்கோ போரீஸ் என்ற ஜெர்மானிய இளைஞர் லூனபர்க் நகரத்தில் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே உருவான ஸ்டார் ஆபீஸ் என்ற தொகுதியை 1999-இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் விலைக்கு வாங்கி, 2000-ஆம் ஆண்டில் அதன் மூலநிரலை உலகத்தார் அனைவர்க்கும் திறந்துவிட்டது. அவ்வாறு பிறந்ததே ஓபன் ஆபீஸ். 2010-இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் கைக்கொண்டபோது, இம்மென்பொருளின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலை கொண்ட நிரலாளர்கள், அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் டாக்குமென்ட் பவுண்டேஷன் என்ற அறநிறுவனத்தை அமைத்து, அதே மூலநிரலிலிருந்து லிப்ரே ஆபீஸ் என்ற கிளையைத் தொடங்கினர். பழைய ஓபன் ஆபீஸ் அபாச்சி அறக்கட்டளையின் பொறுப்பில் இன்றும் இருந்து வருகின்றது. ஆயினும் அதன் வளர்ச்சி பெரிதும் தளர்ந்துவிட்டமையால், இன்று புதிதாகத் தேர்ந்தெடுப்பவர்க்கு உகந்தது லிப்ரே ஆபீஸே. உரிமையாளர் மூன்று முறை மாறியும் அம்மென்பொருள் அழியாமல் வாழ்ந்ததற்குக் காரணம், அதன் மூலநிரல் எந்த ஒரு நிறுவனத்தின் பெட்டகத்திலும் பூட்டப்பட்டிருக்கவில்லை என்பதே.

இலவசமாகக் கொடுத்துவிட்டால் அதனை எழுதுகிறவர்கள் எவ்வாறு பிழைப்பார்கள் என்று கேட்பது நியாயமே. கொலாபோரா போன்ற நிறுவனங்கள், அரசுகளுக்கும் பெரிய ஸ்தாபனங்களுக்கும் இம்மென்பொருளை நிறுவித் தந்து, பழுது பார்த்து, பயிற்சி அளித்து ஊதியம் பெறுகின்றன. அவ்வூதியத்தைக் கொண்டு நிரலாளர்களை அமர்த்தி, அவர்கள் எழுதும் திருத்தங்களைப் பொதுவில் சேர்க்கின்றன. தன்னார்வலர்களின் உழைப்பும், உபயோகிப்போர் அனுப்பும் நன்கொடையும் எஞ்சியதை நிரப்புகின்றன.

இனி, கோப்பு என்பதன் உள்ளே புகுந்து பார்ப்போம். வேர்டில் எழுதிச் சேமித்த ஒரு கோப்பின் பெயருக்கு இறுதியில் டாக்எக்ஸ் என்ற ஒட்டு இருக்கும். அதனைப் பிரதி எடுத்து, அப்பிரதியின் ஒட்டை மட்டும் ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். ஒரே பொருளாகத் தோன்றியது, பல சிறு கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டை என்பது விளங்கும். அதனுள் வேர்ட் என்ற உறையில் டாக்குமென்ட் என்ற பெயருடன் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும்; நோட்பேடில் அதைத் திறந்தால், குறியீடுகளுக்கு நடுவே நாம் எழுதிய வாக்கியங்கள் கண்ணுக்குத் தெரியும். லிப்ரே ஆபீஸின் ஓடிடி கோப்பிலும் இதே பரிசோதனையைச் செய்யலாம்; அங்கே கன்டென்ட் என்ற கோப்பில் நம் எழுத்து இருக்கும். படங்கள் இரண்டிலும் தனி உறையில் அப்படியே கிடைக்கும். மென்பொருள் கெட்டுப்போய்க் கோப்பு திறக்க மறுக்கும் நாளில், இந்த வழியால் எழுத்தை மீட்டெடுத்தவர்கள் பலர்.

இந்தத் தெளிவு எப்போதும் இருந்ததன்று. 2007-க்கு முந்திய வேர்டின் டாக் என்னும் பழைய வடிவம் இரும எண்களின் ஓர் அடர்ந்த கட்டு. அதன் அமைப்பைப் பற்றிய முழு விளக்கத்தை மைக்ரோசாப்ட் பொதுவில் வெளியிட்டது 2008-ஆம் ஆண்டில்தான். அதுவரையில் பிற மென்பொருள்களை எழுதியோர், கோப்பை நுணுகி ஆராய்ந்து ஊகித்தே அதனைத் திறக்க வேண்டியிருந்தது. உலகத்தின் அரசாங்கங்களும் அலுவலகங்களும் தம் ஆவணங்களையெல்லாம், தாம் முழுதும் அறியாத ஒரு வடிவத்தில் ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் எழுதிக் குவித்தன என்பது சிந்திக்கத்தக்கது.

இந்நிலையை மாற்றும் பொருட்டு எழுந்ததே, மேலே கண்ட ஓடிடி கோப்பு சார்ந்த திறந்த ஆவண வடிவம். 2005-இல் ஓயாசிஸ் என்ற அமைப்பு அதனைத் தரமாக ஏற்றது. 2006-இல் அது சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் தரமும் ஆயிற்று. மைக்ரோசாப்ட் தன் புதிய வடிவத்தை ஆறாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட விளக்கத்துடன் தரமாக்க முன்வந்தபோது, உலக நாடுகளிடையே பெரும் விவாதம் மூண்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2007-இல் அதற்கு எதிராக வாக்களித்து, 2008-இலும் அந்நிலையிலேயே நின்றது. ஆயினும் அவ்வாண்டில் பெரும்பான்மை வாக்குகளால் அதுவும் சர்வதேசத் தரமாயிற்று. ஆகவே இன்று இரு வடிவங்களுக்கும் எழுதி வெளியிட்ட விளக்கம் உண்டு; ஒன்று பல கைகள் கூடி அமைத்தது, மற்றொன்று ஒரு நிறுவனத்தின் பழைய வழக்கங்களையெல்லாம் சுமந்து வருவது.

பழைய வழக்கத்தைச் சுமப்பது என்றால் என்ன என்பதற்கு, செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு நேரே பயன்படும் ஓர் உதாரணம் காட்டலாம். அட்டவணை மென்பொருள் தேதியைத் தேதியாக நினைவில் கொள்வதில்லை. குறித்த ஒரு நாளிலிருந்து எண்ணப்பட்ட நாள்களின் தொகையாகவே கொள்கிறது. 1947 ஆகஸ்ட் 15 என்று எக்செலில் எழுதினால் உள்ளே பதிவாவது 17394 என்ற எண்ணே. எக்செலுக்கு முன் புகழ்பெற்றிருந்த லோட்டஸ் 1-2-3 என்ற மென்பொருள், 1900-ஆம் ஆண்டை மிகுநாள் ஆண்டு என்று தவறாகக் கொண்டது. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டாலன்றி மிகுநாள் ஆண்டாகாது என்ற விதிப்படி, 1900 பிப்ரவரி 29 என்ற நாள் உலகத்தில் இருந்ததே இல்லை. ஆயினும் லோட்டஸ் கோப்புகள் தன்னிடத்தில் பிசகாமல் திறக்கப்பட வேண்டும் என்பதற்காக எக்செல் அத்தவற்றை அப்படியே ஏற்றது. 60 என்ற எண்ணுக்கு இன்றும் எக்செல் காட்டுவது அந்த இல்லாத நாளையே. லிப்ரே ஆபீஸின் கால்க் என்ற அட்டவணை, தன் எண்ணிக்கையை 1899 டிசம்பர் 30-இலிருந்து தொடங்கி, 1900 மார்ச் 1 முதல் எக்செலின் எண்களோடு ஒத்துப்போகுமாறும், அதற்கு முந்திய நாள்களில் உண்மைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போகுமாறும் செய்துகொண்டது.

இதனால் நேரும் விளைவு சிறியதன்று. ஒரு பழைய வீட்டின் கிரயப் பத்திரங்களையும் அடமானச் சீட்டுகளையும் பட்டியலிட விரும்பும் ஒருவர், 1887-ஆம் ஆண்டுத் தேதி ஒன்றை எக்செலில் எழுதினால், அது 1900-க்கு முந்தியதாகையால் தேதி என்று ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாகவே நின்றுவிடும். இரு பத்திரங்களுக்கு இடையே எத்தனை நாள் என்று கழித்துப் பார்க்க இயலாது. கால்க்கில் எழுதினால், குறை எண்ணாகப் பதிவாகிக் கணக்கு ஒழுங்காக நடக்கும். மேலும், திறந்த ஆவண வடிவத்தில் சேமித்த அட்டவணையின் மூட்டையைப் பிரித்துப் பார்த்தால், அத்தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற கிரமத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். நூறு ஆண்டுகள் கழித்து எந்த மென்பொருளும் இல்லாத ஒருவர் அதனைக் கண்டாலும் பொருள் விளங்கும். எக்செல் வடிவத்திலோ அவர் காண்பது வழக்கமாக ஓர் எண்ணையே. எங்கிருந்து எண்ணியது என்பதையும், இடையில் இல்லாத நாள் ஒன்று நுழைந்துள்ளது என்பதையும் அவர் வேறோரிடத்தில் கற்றிருக்க வேண்டும்.

கணக்கின் வடிவம் எவருக்குச் சொந்தம் என்ற இக்கேள்வி செட்டிநாட்டுக்குப் புதியதன்று. இரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் கொழும்பிலும் கடை வைத்து வட்டித் தொழில் நடத்திய நகரத்தார், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவனை அடுத்தாளாகவும் மேலாளாகவும் உயர்த்தும் முறையில் கணக்குக் கல்வியைப் பரம்பரையாகப் பயிற்றினர். கடல் கடந்த கடையில் எழுதப்பட்ட பேரேட்டையும் ஐந்தொகையையும் ஊரிலிருக்கும் முதலாளி படித்து இலாப நட்டம் அறிந்தார். மூன்றாண்டுத் தவணை முடிந்து ஓர் ஏஜெண்டு திரும்பியதும், அடுத்து வந்தவர் அதே ஏட்டைத் தொடர்ந்து எழுதினார். இது சாத்தியமானதற்குக் காரணம், எழுதும் முறை எந்த ஒரு கடைக்கும் உடைமையாக இல்லாமல், கற்றவர் அனைவர்க்கும் பொதுவாக இருந்ததே. ஏடு ஒருவருடையது, இரகசியம் ஒருவருடையது, ஆனால் ஏட்டைப் படிக்கும் வழி எல்லோருடையது என்ற அந்த ஏற்பாட்டில் ஒரு வணிக சமூகத்தின் பலம் அடங்கியிருந்தது.

அவ்வகை ஏடுகளில் நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய் என்பவற்றைக் குறிக்க வழங்கிய ௳, ௴, ௵, ௶, ௷, ௸, ௹ என்ற குறியீடுகள், இன்று ஒருங்குறி எனப்படும் யூனிகோடில் தமிழ் எழுத்துகளோடு இடம்பெற்றுள்ளன. முந்திரி என்ற முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முதலாகிய பழைய பின்னங்களும் பிற குறியீடுகளுமாக 51 வடிவங்கள், 2019-இல் வெளிவந்த யூனிகோடின் 12-ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டன. ஆகவே பழைய பேரேடு ஒன்றைக் கணினியில் உள்ளவாறே பெயர்த்தெழுத விரும்புவார்க்கு, வேண்டிய எழுத்து உலகத் தரமாகவே கிடைத்துவிட்டது. அதனை எழுதும் உரிமை கட்டண மென்பொருளுக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் சமமாக உண்டு.

இங்கேதான் தமிழ் எழுதுவார் அனைவரும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று வருகின்றது. மென்பொருளைக் காட்டிலும் எழுத்துரு நம்மை வலுவாகக் கட்டிப்போட்டிருந்த காலம் ஒன்றுண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துக்கெனத் தனியிடம் கிடையாது. ஆங்கில எழுத்தின் எண்ணையே கோப்பில் பதித்துவிட்டு, அவ்வெண்ணுக்குத் தமிழ் உருவத்தை எழுத்துரு வரைந்து காட்டும். பாமினியில் அகரத்தை அடித்தால் கோப்பில் பதிவாவது ஆங்கிலத்தின் பதின்மூன்றாம் எழுத்தே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும். தேடினாலும் தமிழ்ச் சொல் அகப்படாது. யூனிகோடில் அகரத்துக்கு உலகெங்கும் ஒரே எண். தமிழக அரசு 2010 ஜூன் மாதத்தில் யூனிகோடையும், மாற்றாக டேஸ்-16 என்ற குறியேற்றத்தையும் தன் தரங்களாக அறிவித்தது. அதற்குப் பின்னும் ஜெராக்ஸ் கடைகளிலும் டி.டி.பி. நிலையங்களிலும் பழைய எழுத்துருவில் அடிக்கும் பழக்கம் முற்றிலும் மறையவில்லை. பதினாயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய மென்பொருளாயினும், அதில் பழைய எழுத்துருவைக் கொண்டு எழுதினால், அவ்வாவணம் தமிழில் எழுதப்பட்டதாகக் கணினி அறியாது.

யூனிகோடில் எழுதிய தமிழைத் திரையில் அழகுற அமைப்பதும் ஒரு நுட்பமான காரியம். ‘கெ’ என்ற எழுத்தில் கோப்பிலே முதலில் பதிவாவது ககரம், அடுத்தது எகரக் குறி. திரையிலோ குறி முன்னே வர வேண்டும். ‘கொ’ என்பதில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்க வேண்டும். இவ்வேலையைச் செய்யும் ஹார்ப்பஸ் என்ற கட்டற்ற நிரலை, 2017-இல் வந்த 5.3 பதிப்பு முதல் லிப்ரே ஆபீஸ் எல்லா இயங்குதளங்களிலும் உபயோகிக்கிறது. பயர்பாக்ஸும் குரோமும் உபயோகிப்பது அதனையே. ஆகவே இலவச மென்பொருளில் தமிழ் சரியாகத் தெரியாது என்ற பழைய குறை இன்று பொருந்தாது. லிப்ரே ஆபீஸின் கட்டளைப் பட்டிகளைத் தமிழிலேயே அமைத்துக்கொள்ளவும் வழியுண்டு.

ஒரு மென்பொருளில் எழுதிய கோப்பை மற்றொன்றில் திறந்தால் பக்கங்கள் கலைந்து போகின்றன என்பது பலருடைய அனுபவம். அதற்குரிய காரணத்தை அறிந்தால் பரிகாரமும் எளிது. ஒரு வரியில் எத்தனை சொற்கள் அடங்கும் என்பது எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்துக்கும் வகுத்த அகலத்தைப் பொறுத்தது. லதா, நிர்மலா போன்ற மைக்ரோசாப்ட் எழுத்துருக்கள் இல்லாத கணினியில் வேறோர் எழுத்துரு அவ்விடத்தைப் பிடிக்க, அகலம் சிறிது மாறி, வரி மடங்கும் இடம் மாறி, இறுதியில் பக்கமே நகர்ந்துவிடுகிறது. லோஹித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற பொது எழுத்துருவை இரு கணினிகளிலும் நிறுவி எழுதினால் இக்கலைவு பெரும்பாலும் நீங்கும். முடிந்த ஆவணத்தைப் பிறர்க்கு அனுப்பும்போது பி.டி.எப். ஆக மாற்றி அனுப்பினால் பக்கம் கலைவதற்கே இடமில்லை. இவ்வசதி இரு தரப்பிலும் உண்டு.

தமிழகம் இத்துறையில் செய்த முயற்சிகள் நினைவுகூரத் தக்கவை. மேல்நிலை இரண்டாமாண்டின் கணினி அறிவியல் பாடநூல் பல்லாண்டுகள் ஸ்டார் ஆபீஸையே கற்பித்தது. 2018-இல் வெளிவந்த பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூல் ஓபன் ஆபீஸின் ரைட்டர், கால்க், இம்பிரஸ் ஆகியவற்றைப் பாடமாக வைத்தது. 2005 ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் மென்பொருள்களும் எழுத்துருக்களும் அடங்கிய குறுந்தகட்டைச் சென்னையில் வெளியிட்டு மக்களுக்கு இலவசமாக வழங்கியது. அதில் தமிழ்ப்படுத்திய ஓபன் ஆபீஸும் இருந்தது. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாற்றியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டுகளில், விண்டோஸோடு சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே அமைந்திருந்தது.

இத்தனை இருந்தும், கல்லலிலோ காரைக்குடியிலோ கணினிப் பயிற்சி மையத்துக்குச் செல்லும் மாணவன் கற்க விரும்புவது வேர்டும் எக்செலுமாகவே இருப்பது ஏன்? பள்ளியில் பாடமாகக் கற்றதை அலுவலகமும் கடையும் கேட்கவில்லை என்பதே விடை. வேலைக்கு ஆள் எடுப்போர் எக்செல் தெரியுமா என்று கேட்கும்போது, கால்க்கில் தேறியவன் தன்னிடம் இருப்பது அதே அறிவுதான் என்று சொல்லத் தயங்குகிறான். கேரளத்தில் பள்ளிகள் ஒட்டுமொத்தமாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. அங்கே ஆசிரியர் பயிற்சியும், பழுது பார்க்கும் ஏற்பாடும், தேர்வும் ஒரே திசையில் அமைந்தமையால் அம்மாற்றம் நிலைபெற்றது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, 2013-க்குள் ஏறக்குறைய 15,000 கணினிகளை மாற்றி முடித்து, 2017-இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமோ 2024-இல் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்ற முடிவு செய்தது. மென்பொருளின் குணம் மட்டும் வெற்றியைத் தருவதில்லை. அதனைச் சூழ்ந்த பயிற்சியும் நிர்வாக உறுதியும் சேர்ந்தே தருகின்றன என்பதே இவற்றின் பாடம்.

கட்டண மென்பொருளின் நன்மைகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எக்செலில் விபிஏ மொழியில் எழுதிய மேக்ரோக்களைக் கொண்டு நடக்கும் தணிக்கையாளர் அலுவலகமோ, பவர் குவெரியால் பல மூலங்களிலிருந்து தரவைத் திரட்டும் ஏற்றுமதி நிறுவனமோ, கால்க்கில் அப்படியே வேலை செய்ய முடியாது. லிப்ரே ஆபீஸ் அம்மேக்ரோக்களில் ஒரு பகுதியையே விளங்கிக்கொள்ளும். பல ஊர்களிலுள்ள பலர் ஒரே வேர்ட் கோப்பில் திருத்தக் குறிப்புகளுடன் இடைவிடாது உழைக்கும் இடத்திலும், எதிர்த்தரப்பு உபயோகிக்கும் மென்பொருளையே தாமும் உபயோகிப்பது காலவிரயத்தைத் தவிர்க்கும். மறுபுறம், சாதாரணக் கணக்குகளில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. இரண்டும் ஓர் அட்டவணையில் 10,48,576 வரிசைகளை ஏற்கும். எக்செலின் பெயர்பெற்ற எக்ஸ்லுக்கப் என்ற சூத்திரமும் 2024-இல் லிப்ரே ஆபீஸின் 24.8 பதிப்பில் வந்துவிட்டது.

சந்தா முறையில் வாங்குகிறவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். சந்தா நின்றுபோனால் கோப்புகள் அழிவதில்லை. ஆனால் கணினியில் நிறுவிய மென்பொருள் அவற்றைத் திறந்து காட்டவும் அச்சிடவும் மட்டுமே இசையும், திருத்த விடாது. ஒரே முறை விலை கொடுத்து வாங்கிய பதிப்புக்கும் ஆதரவுக் காலம் உண்டு. 2016, 2019 பதிப்புகளுக்கு அது 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இணையத்தில் இயங்கும் இலவச மென்பொருள்களோ, பலர் கூடி எழுதுவதற்கு மிக்க சௌகரியமுடையவை. நம் தமிழ்நாட்டைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசியை அடுத்த சிற்றூரிலும் அலுவலகம் நடத்தும் சோஹோவின் தொகுதியை உபயோகிக்குமாறு மத்தியக் கல்வி அமைச்சகத்தின் உயர்கல்வித் துறை 2025 அக்டோபரில் தன் அலுவலர்களைப் பணித்தது. எனினும், அவ்வகை மென்பொருளை நம்புகிறவர்கள், மாதம் ஒருமுறையேனும் தம் கோப்புகளை இறக்கித் தம்மிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுதல் அவசியம்.

நான்காவது வழி ஒன்று கடைத்தெருவில் வெகுவாக வழங்குகின்றது. உரிமமில்லாத பிரதியைக் கிராக் என்ற பெயரால் கணினியில் ஏற்றிக் கொடுப்பது அது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, உரிமம் மீறிய மென்பொருள் பிரதியை அறிந்தே உபயோகிப்பதை, ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றமாக வைத்துள்ளது. வணிக இலாபத்துக்காக உபயோகிக்கப்படாவிடில் நீதிமன்றம் சிறையின்றி அபராதம் மட்டும் விதிக்கலாம். சட்டத்தை விட்டாலும், பூட்டை உடைக்கும் அந்நிரலை ஏற்றுவதற்கு முன் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்கள். கணினியின் காவலை நாமே விலக்கி, முகமறியாத ஒருவருடைய நிரலுக்கு முழு அதிகாரத்தைக் கொடுப்பதாக அது முடிகிறது. குழுவின் வங்கிக் கணக்கும் உறுப்பினர்களின் ஆதார் எண்ணும் இருக்கும் கணினியில் அது செய்யத்தகாத காரியம். நேர்மையான இலவசம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது திருட்டுப் பிரதிக்கு நியாயம் ஏதுமில்லை.

இவற்றையெல்லாம் கருதி, தேவைக்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம். மனுவும் கடிதமும் குடும்பக் கணக்கும் எழுதுவார்க்கும், சுயஉதவிக் குழுவுக்கும், பள்ளிக்கும், சிறு சங்கத்துக்கும் லிப்ரே ஆபீஸ் முற்றிலும் போதுமானது. மேக்ரோவும் பெருந்தரவும் கொண்டு தொழில் நடத்துவோர் எக்செலை உரிய விலை கொடுத்து வாங்குவதே முறை. அலுவலகத்தில் பத்துப் பேர் இருப்பின் அவ்வேலையைச் செய்யும் ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் வாங்கி, ஏனையோர்க்குக் கட்டற்ற மென்பொருளை அமைக்கலாம். மாற எண்ணுகிறவர், ஒரே நாளில் அனைத்தையும் மாற்றாமல், தம்முடைய மிகச் சிக்கலான கோப்புகள் சிலவற்றை முதலில் லிப்ரே ஆபீஸில் திறந்து பார்த்து, கூட்டுத்தொகையும் பக்க அமைப்பும் ஒத்திருக்கின்றனவா என்று சோதித்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைப் பயிற்சிக்கும், பிரதி காப்பதற்கான தனி ஹார்ட் டிஸ்க்குக்கும் ஒதுக்குவது புத்திசாலித்தனம். மென்பொருள் இலவசமாயினும் கற்பவரின் நேரம் இலவசமன்று.

எந்தப் பள்ளியும் சங்கமும் ஊராட்சியும் இதன் பொருட்டுச் செய்ய வேண்டிய முதற்செயல் பணச்செலவற்றது. நம் ஆவணங்கள் யாவும் யூனிகோடில் எழுதப்படும், திறந்த வடிவத்தில் ஒரு பிரதி என்றும் வைக்கப்படும், பழைய எழுத்துருவில் உள்ளவை ஒருங்குறி மாற்றியால் படிப்படியாக மாற்றப்படும் என்று நிர்வாகக் குழு கூடி ஒரு தீர்மானத்தைத் தன் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். அத்தீர்மானம் நிறைவேறிய இடத்தில், இவ்வாண்டு வாங்கிய மென்பொருளை அடுத்த ஆண்டு வேண்டாமென்று விடுவதற்கும், விட்டதை மீண்டும் வாங்குவதற்கும் எவ்விதத் தடையும் இராது. விற்பவர் விலையை உயர்த்தினாலும், இலவசமாகக் கொடுத்தவர் கைவிட்டாலும், கணக்கும் கடிதமும் எழுதியவர் வசமே இருக்கும். அந்த உரிமையை முதலில் உறுதி செய்துகொண்டவர்களே விலையைப் பற்றிச் சுதந்திரமாக யோசிக்கத் தகுதி பெற்றவர்கள்.